பாறை மலைப்பாதையில் ஜியோகேச்: ஜிபிஎஸ் எண் நிலையாக நிற்கவில்லை. எந்த இடம், எந்த டப்பா?

கூழாங்கல் கேட்டது:

வணக்கம். மலைப்பாதை ஒன்றில் புதிதாக ஒரு கேச், அதாவது ஜிபிஎஸ் எண்ணை வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்காக மறைத்துவைக்கும் டப்பா, வைக்கும் திட்டம் இருக்கிறது. நில நிர்வாகத்திடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கியாயிற்று. விதிப்படி 161 மீட்டருக்குள் வேறு கேச் எதுவும் இல்லை என்றும் பார்த்தாயிற்று.

பாதை ஒரு வழிக்கு 4.5 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 650 மீட்டர். முதல் 3 கிலோமீட்டர் மண் பாதை, கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. அதற்கு மேல் முழுக்கப் பாறை: இடப்பக்கம் நெட்டுக்குத்தான சுவர், வலப்பக்கம் சரிவு, நடுவில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் நடக்கும் இடம். முடிவில் இரண்டு சிகரங்களுக்கு நடுவே அகலமான ஒரு கணவாய்.

மூன்று இடங்கள் யோசனையில் உள்ளன:

1. சுவரின் அடியில், முழங்கை ஆழத்துக்குப் போகும் ஒரு வெடிப்பு.
2. கணவாயில், பாதையிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, ஆள் உயரப் பாறை ஒன்றின் அடி.
3. கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால், வழி தெரிவதற்காக அடுக்கிவைத்திருக்கும் கற்குவியலுக்குள்.

முதல் இடத்தில் ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்தால் ஃபோனும் கையடக்க ஜிபிஎஸ் கருவியும் 25 மீட்டர் வரை வேறுபடுகின்றன. மறுநாள் அதே நேரத்தில் எடுத்தாலும் ஃபோன் ஏறக்குறைய அதே தப்பான இடத்தைத்தான் காட்டுகிறது. நிறைய அளவுகள் எடுத்துச் சராசரி போட்டால் சரியாகுமா? டப்பாவுக்கு, நான்கு பக்கமும் கிளிப் உள்ள 800 மில்லி பிளாஸ்டிக் டப்பா நல்லதா, பழைய ஃபிலிம் டப்பி போதுமா?


வடமுனை:

முதல் இடத்தை விட்டுவிடுங்கள். கோளாறு கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

சுவருக்கு அருகில் செயற்கைக்கோள் சிக்னல் நேராகவும் வரும், பாறையில் பட்டுத் தெறித்தும் வரும். தெறித்து வந்த சிக்னல் கூடுதல் தூரம் கடந்திருப்பதால், அந்தச் செயற்கைக்கோள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகக் கருவி கணக்குப் போடுகிறது. மல்டிபாத் என்பது இதுதான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சுவர் பாதி வானத்தை மறைத்துவிடுவதால், கருவிக்குத் தெரியும் செயற்கைக்கோள்கள் ஒரே பக்கமாகக் கூடிவிடுகின்றன. சுவரின் நீளவாக்கில் இரண்டு திசையிலும் செயற்கைக்கோள் இருக்கும், அதனால் அந்த வாக்கில் பிழை குறைவு. குறுக்குவாக்கில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதனால் பிழை அந்த வாக்கிலேயே நீளும். உங்கள் பாதையில் குறுக்குவாக்கு என்றால் ஒரு பக்கம் சுவரின் மேலே, மறுபக்கம் சரிவின் கீழே. சமவெளியில் 15 மீட்டர் பிழைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தேடினால் போதும். இந்த இடத்தில் அதே 15 மீட்டர் ஒருவரை விளிம்பைத் தாண்டி இறங்கவைக்கும். பாறைப்பாதையில் கேச் வைப்பவர் முதலில் யோசிக்கவேண்டியது இதைத்தான்.

மறுநாளும் அதே தப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. அதே நேரத்தில் போனால் அதே அமைப்பு, அதே தெறிப்பு, அதே பிழை. சராசரி என்பது அளவின் நடுக்கத்தைத்தான் குறைக்கும். ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும் பிழையைக் குறைக்காது. அதற்கு நாளின் வெவ்வேறு நேரங்களில் அளக்கவேண்டும். கார்மின் ஜிபிஎஸ் கருவிகளின் கையேடுகளில் வேபாயிண்ட் (கருவியில் பதிந்துவைக்கும் புள்ளி) சராசரிக்கு 4 முதல் 8 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 90 நிமிடம் என்று சொல்லியிருப்பதும் இதற்காகத்தான்.

இரண்டாம் இடத்தில் இப்படிச் செய்யுங்கள். திறந்த வெளியில் கருவியை ஐந்து நிமிடம் முன்பே ஆன் செய்துவிடுங்கள். பிறகு ஆள் உயரப் பாறையின் உச்சியில், வானம் பார்த்தபடி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மார்போடு அணைத்துப் பிடித்தால் உடம்பே சிக்னலை மறைக்கும். பத்து நிமிடம் சராசரி எடுங்கள். 50 மீட்டர் தள்ளிப் போய் வேறு திசையிலிருந்து திரும்பி வந்து, காட்டும் இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று தடவையாவது எடுத்து, மற்றவற்றோடு ஒட்டாமல் எட்டுப் பத்து மீட்டர் விலகி நிற்பதைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரியாக்குங்கள். எல்1, எல்5 இரண்டு அலைவரிசையும் வாங்கும் ஃபோன் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்5 குறியீட்டின் வேகம் பழைய எல்1 குறியீட்டைப்போலப் பத்து மடங்கு என்பதால் தெறிப்பை நேர்ச் சிக்னலிலிருந்து பிரித்தறிவது அதற்கு எளிது.

எந்த நேரத்திலும் நல்ல அளவு வராத இடம் என்றால், வானம் திறந்த ஒரு புள்ளியில் துல்லியமாக அளந்துகொண்டு, அங்கிருந்து கேச் வரை நாடாவால் தூரமும் காந்த ஊசியால் திசையும் எடுத்து, கருவியின் புரொஜெக்ஷன் வசதியில் போடுங்கள்; தூரத்தையும் திசையையும் வைத்து அது அடுத்த புள்ளியைக் கணக்கிட்டுத் தரும். மூன்று விஷயத்தில் பிசகும். சரிவில் நாடா காட்டுவது சாய்ந்த தூரம். 30 டிகிரி சரிவில் 30 மீட்டர் என்றால் கிடைத்தூரம் 26 மீட்டர்தான். திசையைக் காந்த வடக்கில் எடுத்துவிட்டு உண்மை வடக்காகப் பதிவு செய்யக்கூடாது. மூன்றாவது, இரும்புத்தாது உள்ள பாறை ஊசியை இழுக்கும். போகும் திசையையும் திரும்பிப் பார்க்கும் திசையையும் எடுத்துப் பாருங்கள்; இரண்டுக்கும் வித்தியாசம் 180 டிகிரி வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஊசியை நம்பக்கூடாது.

பதிவிடும்போது ஜிபிஎஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவுமுறை, டிகிரியும் தசம நிமிடமும். 45.4125 டிகிரி என்பது 45° 24.750'. அதை 45° 41.25' என்று அடித்துவிட்டால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். நிமிடத்தின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர். அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பதில் பயனில்லை. சேட்டிலைட் படத்தில் பாறையைக் கண்டுபிடித்து எண்ணைத் திருத்தவும் வேண்டாம்; செங்குத்தான மலைகளில் படமே பல மீட்டர் நகர்ந்திருக்கும்.


சரளைச்சரிவு:

மூன்றாவது இடம் கூடவே கூடாது. மூடுபனியில் கீழே இறங்குகிறவர் அந்தக் கற்குவியலை நம்பித்தான் நடக்கிறார். தேடுபவர்கள் அதைப் பிரிப்பார்கள், திரும்ப அடுக்கும்போது இடம் மாறும், அல்லது பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். வழிகாட்டும் கற்குவியலில் கேச் வைக்காதீர்கள், கேச்சுக்காகப் புதிதாகக் கற்குவியல் கட்டவும் செய்யாதீர்கள்.

இரண்டாம் இடம் நல்லது. ஆனால் பாறையின் எந்தப் பக்கம் என்பது முக்கியம். சரிவை நோக்கிய பக்கத்தில் வைத்தால், தேடுபவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பின்னோக்கி நகர்வார். கணவாயின் நடுப்பகுதியை நோக்கிய பக்கத்தில் வையுங்கள். பாதைக்கு மேலே உள்ள சரிவும் ஆகாது. அங்கே கால் வைத்தால் உருளும் கல் கீழே நடப்பவர் மேல் விழும்.

கல்லைப் புரட்டாமல் எடுக்கக்கூடிய மறைவாக இருக்கட்டும். பாறை நிலத்தில் குறிப்பு தெளிவில்லாமல் போனால் ஒவ்வொருவரும் 20 மீட்டர் சுற்றளவில் இருக்கும் கல்லையெல்லாம் புரட்டிப் பார்ப்பார்கள். பாறைமேல் படர்ந்திருக்கும் லைக்கன் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரும் வளராத இனங்களாக இருக்கலாம், ஒரு தடவை சுரண்டினால் பல பத்தாண்டுக்குத் தழும்பு நிற்கும். கல்லுக்கு அடியில் வாழும் பல்லி, தேள், பூச்சிகளுக்கும் வீடு போய்விடும். மூடுகல் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு கல், ஒரு கையால் தூக்கக்கூடியது, வேறு எந்தக் கல்லும் அதன்மேல் சாய்ந்திருக்கக்கூடாது.

ஆழம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். டார்ச் அடித்தால் டப்பா கண்ணில் படவேண்டும். பார்க்காமல் கைவிடும் வெடிப்பில் பாம்போ குளவிக்கூடோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் முதல் இடம் இதனாலும் அடிபடுகிறது. உயர்ந்த சுவர்களில் வல்லூறு போன்ற பறவைகள் கூடு வைக்கும் என்பதால் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அந்த அடிவாரத்தில் ஆள் நடமாட்டம் கூடுவதும் நல்லதல்ல.

இனி டப்பா. ஃபிலிம் டப்பியை மறந்துவிடுங்கள். அதன் மூடி வெறுமனே அழுத்தி மூடுவது. வெயிலில் சூடாகும் காற்று வெளியேறி, இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். சில வாரங்களில் லாக் தாள் (கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் தாள்) கூழாகிவிடும். கிளிப் டப்பா ஒரு வருடம் நன்றாக இருக்கும், பிறகு வெயில் படும் கிளிப்பின் மடிப்பு நொறுங்கும். ஒரு கிளிப் போனாலும் ரப்பர் வளையத்தின் அழுத்தம் போய்விடும். மணல் துகள் வளையத்தில் ஒட்டுவதும் அடிக்கடி நடக்கும். அந்த டப்பாதான் வேண்டும் என்றால் வெயிலே படாத இடுக்கில், மூடி பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள்.

பாறைக்கு ஏற்றவை இரண்டு. சின்னதாக வேண்டும் என்றால் பெட் பிரிஃபார்ம், அதாவது குளிர்பான பாட்டிலாக ஊதுவதற்கு முன் இருக்கும் தடித்த குழாய். சுவர் கனமானது, திருகு மூடி தண்ணீரை விடாது, மெல்லிய வெடிப்பிலும் நுழையும். லாக் சுருளுக்கு மட்டும்தான் இடம், தேடுபவர்கள் எடுத்து மாற்றிவைக்கும் சிறு பொருள்களுக்கு இடமில்லை. பெரிதாக வேண்டும் என்றால் வாய் அகன்ற, திருகு மூடியுள்ள ஹெச்டிபிஇ (கெட்டியான பாலித்தீன்) பாட்டில், அரை லிட்டரோ ஒரு லிட்டரோ. உங்கள் இடத்துக்கு அரை லிட்டர் சரி. வெளிப்புறம் பாறை நிறத்தில் மங்கலான பெயிண்ட் அடிக்கலாம், திருகுப் பகுதியில் மட்டும் படக்கூடாது.

வைக்கும்போது தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள். வெடிப்பின் அடியில் தேங்கும் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். டப்பா இறுகிப்போகும், அல்லது பிளக்கும். அடியில் தட்டையான கல் ஒன்று கொடுத்து உயர்த்தி, வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாயும்படி வையுங்கள்.

உள்ளே: நீர்ப்புகா தாளில் லாக் புத்தகம், அதற்கு ஒரு ஜிப் பை, இரண்டு பென்சில், ஒரு சிறு பென்சில் சீவி. பேனா குளிரில் எழுதாது, ஈரத்தில் பரவும். உணவு, வாசனைப் பொருள், மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். எலியும் அணிலும் பிளாஸ்டிக்கைக் கடித்துத் திறந்துவிடும். சிலிக்கா ஜெல் பையை நம்பியிருக்கவேண்டாம், மழையில் இரண்டு தடவை திறந்தால் அது நிறைந்துவிடும்.


பனிக்கூர்:

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது: கட்டு. கணவாயில் காற்று பலமாக இருக்கும், அரை லிட்டர் பாட்டில் கை தவறினால் சரிவில் உருண்டு போய்விடும். பாட்டிலின் கழுத்தில் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பிவடம் கட்டி, மறுமுனையை இயற்கையாகவே இடுக்கில் சிக்கி நிற்கும் கல்லில் சுற்றிவிடுங்கள். நைலான் கயிறு வேண்டாம், வெயிலும் பாறை விளிம்பும் சேர்ந்து அறுத்துவிடும். துளையிடுவது, ஆணி அறைவது, பசை ஒட்டுவது மூன்றும் கூடாது.

பழைய வெடிமருந்துப் பெட்டியைப் பலர் பரிந்துரைப்பார்கள். மரங்கள் உள்ள இடத்தில் அது அருமையான டப்பா. பாறையில் உரசிப் பெயிண்ட் போன இடத்தில் துரு ஏறும், கனம் அதிகம், தெரியாதவர் பார்த்தால் பயந்துபோய்ப் போலீசைக் கூப்பிடுவார். இந்த இடத்துக்கு வேண்டாம்.


கூழாங்கல்:

நன்றி. இரண்டாம் இடம், கணவாயின் உள்பக்கம், அரை லிட்டர் ஹெச்டிபிஇ, கம்பிவடம். இன்னும் மூன்று கேள்விகள். நிலப்பரப்பு மதிப்பீடு (1 முதல் 5 வரை) 3.5 போடலாமா 4 போடலாமா? மண் பாதையின் வளைவுகளில் ஜிபிஎஸ் அம்புக்குறியைப் பார்த்து நேராக ஏறுபவர்களை எப்படித் தடுப்பது? குறிப்பை எவ்வளவு வெளிப்படையாக எழுதலாம்?


ஒற்றையடி:

மதிப்பீடு கேச் இருக்கும் இடத்துக்கு மட்டும் அல்ல, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்கும் முழு நடைக்கும் சேர்த்துத்தான். 650 மீட்டர் ஏற்றம், பாறை, ஒரு பக்கம் சரிவு. கையை ஊன்றாமல் கணவாய் வரை போகமுடியும் என்றால் 3.5. எங்காவது இரண்டு கையும் பிடித்து ஏறவேண்டியிருந்தால் தயங்காமல் 4. கயிறு, ஏறும் கருவி போன்றவை தேவைப்படும் இடத்துக்குத்தான் 5. சந்தேகம் வந்தால் மேலே போடுங்கள். குறைத்துப் போட்ட மதிப்பீட்டை நம்பிக் குழந்தையோடு வருபவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். தேடும் சிரமம் தனி எண். பாறைக்காட்டில் அதை 2க்கு மேல் போகவிடாதீர்கள். கடினமாக மறைத்து வைக்கும் ஆசைக்கு இது ஏற்ற நிலம் அல்ல.

நேராக ஏறுவதைத் தடுக்க வேபாயிண்ட்தான் வழி. கேச்சின் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அம்பு மலையை ஊடுருவிக் காட்டும், தூரமும் கிடைத்தூரமாகத்தான் தெரியும். வளைவில் நிற்பவருக்கு 200 மீட்டர் என்று காட்டினால் அவர் குறுக்கே ஏறத்தான் பார்ப்பார். அப்படி நாலு பேர் ஏறினால் மண் அரிக்கப்பட்டு மழைநீர் அந்த வழியே ஓடும். ஆகவே வண்டி நிறுத்துமிடம், பாதை தொடக்கம், ஒவ்வொரு பிரிவு, மண் முடிந்து பாறை தொடங்கும் இடம், கடைசியாகப் பாதையை விட்டு விலகும் புள்ளி, எல்லாவற்றையும் வேபாயிண்டாகக் கொடுங்கள். முழுப் பாதையையும் ஜிபிஎக்ஸ் கோப்பாகக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "பாதையை விட்டு விலகவேண்டியது கணவாயில் மட்டும்தான், அதுவும் ஏழு மீட்டர்தான். எங்கும் ஏறவோ சரிவில் இறங்கவோ வேண்டாம்."

குறிப்பை வெளிப்படையாகவே எழுதுங்கள். ஜியோகேச்சிங் தளத்தில் அது ரோட்13 முறையில், அதாவது ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி, எழுத்து மாற்றித்தான் தெரியும், வேண்டாதவர் பிரித்துப் பார்க்கமாட்டார். ஆனால் ரோட்13 ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் மாற்றும். தமிழில் எழுதினால் மறையாமல் அப்படியே தெரியும் என்பதை மனதில் வைத்து, தேவையானால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். "ஆள் உயரப் பாறை, கணவாய்ப் பக்கம், முழங்கால் உயரம், கல்லை நகர்த்தவேண்டாம்" என்பது போதும். "பாறைக்கு அடியில்" என்பது அங்கே குறிப்பே ஆகாது.

நேரத்தையும் எழுதிவிடுங்கள். மலைநடை நேரத்தைக் கணிக்கும் நெய்ஸ்மித் கணக்கில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு ஏற 54 நிமிடமும் 65 நிமிடமும் சேர்த்து இரண்டு மணி. அது நல்ல பாதையில், நிற்காமல் நடப்பவருக்கு. பாறைப் பகுதிக்கு இன்னும் அரைமணி, தேடலுக்கு அரைமணி, இறங்க இரண்டு மணி என்று வைத்தால் மொத்தம் ஐந்து மணி. உருளும் கல்லில் இறங்குவது ஏறுவதைவிட வேகமாக இருக்காது. பிற்பகலில் இடி மின்னல் திரளும் பருவம் என்றால் கணவாயில் யாரும் நிற்கக்கூடாது. நண்பகலுக்குள் திரும்பிவிடும்படி எழுதுங்கள்.

தேடுபவருக்கான வரிகள்: வரைபடம், விவரம், குறிப்பு, படங்கள் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே ஃபோனில் இறக்கிக்கொள்ளவேண்டும். சிக்னல் இல்லாத மலையில் ஃபோன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும், ஏரோபிளேன் மோடில் போட்டால் ஜிபிஎஸ் மட்டும் ஓடும். குளிரில் ஃபோனை உள்சட்டைப் பையில் வைக்கவேண்டும். 20 மீட்டர் என்று காட்டியதும் நின்று, திரையை விட்டுக் கண்ணை எடுத்து, எங்கே விளிம்பு, எங்கே தளர்ந்த கல் என்று பார்த்த பிறகே அடுத்த அடி. 10 மீட்டருக்குள் அம்புக்குறிக்கு அர்த்தம் கிடையாது. காந்த மூடியுள்ள ஃபோன் உறை அம்பைக் கெடுக்கும். விசில் ஒன்று அவசியம்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று.


வடமுனை:

தளத்தில் கேச்சைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவருக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. இடம் தெரியாத ஒருவரிடம், வேறு மாடல் ஃபோனில், எண்ணையும் விவரத்தையும் மட்டும் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் கூடப் போய் வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் எங்கே பாதையை விட்டு விலகுகிறார், முதலில் எந்தக் கல்லில் கை வைக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். சரிவுப் பக்கம் ஒரு அடி போனாலும் எண்ணையோ குறிப்பையோ மாற்றவேண்டும்.

"கிடைக்கவில்லை" என்ற பதிவு அடுத்தடுத்து இரண்டு வந்தால் உடனே தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். கேச் இல்லாத இடத்தில் தேடுபவர்தான் தேடும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய் விளிம்பை எட்டுகிறார். பனிக்காலத்தில் பாதை மூடும் என்றால் அந்த மாதங்களுக்கும் அப்படியே.

முதல் இடத்தின் சுவர் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதை எர்த்கேச்சாகப் போடலாம். 2004 முதல் இருக்கும் வகை அது, டப்பாவே கிடையாது. பாறை எப்படி உருவானது, அடுக்குகள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்று விளக்கி, பாதையில் நின்றபடியே பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்டால் போதும். எண்ணைச் சுவரின் அடியில் கொடுக்கவேண்டாம். சுவர் முழுதாகத் தெரியும், வானம் திறந்த இடமாகப் பார்த்து அங்கே கொடுங்கள். நில நிர்வாகத்தின் அனுமதி அதற்கும் தனியாக வேண்டியிருக்கலாம்.